தேடி ஏற்கும் துன்பம்

துன்பத்தைக் கண்டு விலகுவது உயிர்களின் இயற்கை. வெயிலில் நிழலை நாடுவதும், பசியில் உணவை நாடுவதும், களைப்பில் உறக்கத்தை நாடுவதும் உடம்பு தானே அறிந்த நெறிகள். ஆயின், மாந்தருள் சிலர் இந்நெறிக்கு மாறாகத் துன்பம் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்கின்றனர். அதற்குக் கட்டணமும் செலுத்துகின்றனர். பல மாதங்கள் முயன்று அதற்காகத் தம்மைப் பக்குவப்படுத்திக் கொள்கின்றனர். இவ்வாறு தேடி ஏற்கும் துன்பத்தில் உயர்வு ஏதேனும் உண்டா? அன்றி, அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்குத்தானா? இவ்வினாவை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது நன்று. ஏனெனில், 'துன்பப்படு, உயர்வாய்' என்று நாள்தோறும் மாணவர்க்குக் கூறுபவர்கள் நாம்தாம்.

கெடா மாநிலத்தின் லங்காவித் தீவை அறியாதார் நம் நாட்டில் இலர். மாட் சின்சாங் மலையின் பழம்பாறைகளும், பசுமையான நெல்வயல்களும், மீனவர் சிற்றூர்களும், நீலக் கடலும் ஒருங்கே அமைந்த தீவு அது. 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா என்னும் சிறப்பினையும் அது பெற்றது. அத்தீவில் 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக 'அயர்ன்மேன்' எனப்படும் முப்போட்டி நடைபெற்றது. இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்து, 2014இல் மீண்டும் தொடங்கியது. போட்டியாளர் முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி மிதிவண்டியில் 180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பின்னர் 42 கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியாக ஓட வேண்டும். மூன்றையும் ஏறத்தாழ 17 மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். நம் நாட்டு வெயிலும் புழுக்கமும் எத்தகையன என்பதை நாம் அறிவோம். காலையில் கடலில் இறங்கியவருள் சிலர், நள்ளிரவு நெருங்கும் வேளையில்தான் முடிவுக்கோட்டைக் காண்கின்றனர்.

இப்போட்டி தோன்றிய வரலாறு எளியது. ஹவாயில் வாழ்ந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் என்பார், ஓவாஹு தீவில் தனித்தனியே நடந்துவந்த நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்று நெடும்போட்டிகளையும் ஒன்றாக்கினால் என்ன என்று எண்ணினார். 1978 பிப்ரவரியில் 15 பேர் புறப்பட்டனர்; 12 பேர் முடித்தனர். பெரும் பரிசுப் பணமும் இல்லை, பெருங்கூட்டமும் இல்லை. 'என்னால் இயலுமா?' என்ற ஒரு வினா மட்டுமே அவர்களை உந்தியது.

இதனை மறுப்போர் கூறுவதையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். "நாள் முழுதும் வயலில் குனிந்து நிற்பவன் முன்னே, விலையுயர்ந்த மிதிவண்டியில் ஒருவர் வியர்வை வடியப் பறந்து செல்கிறார். முன்னவன் வியர்வையால் நெல் விளைகிறது. பின்னவர் வியர்வையால் என்ன விளைகிறது?" என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. மேலும், மலேசியத் தமிழராகிய நமக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது.

நம் முன்னோர் தேடிச் சென்று துன்பத்தை ஏற்றவர்கள் அல்லர். பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, நிறைந்த வாளியைச் சுமந்து வந்த ஆணும் பெண்ணும் நாள்தோறும் நடந்த தொலைவை எவரும் அளந்து வைக்கவில்லை. அவர்களுக்கு முடிவுக்கோடும் இல்லை, கைதட்டுவோரும் இல்லை. அதனினும் கொடியது சயாம் மரண இரயில் பாதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதையை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பசியாலும் காலராவாலும் பல்லாயிரவராய் மாண்டனர். அக்காடும் ஆறும் மலையும் இன்று காண்போர்க்கு எழில்மிக்கன. அன்று அவற்றை எழில் என்று காண அவர்களுக்கு வழி இருந்ததா?

ஆகவே துன்பம் என்னும் ஒரே சொல்லால் நாம் இருவேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒருவன் தானே ஏற்றது ஒன்று. அவன்மீது பிறர் சுமத்தியது மற்றொன்று. முன்னதில், வேண்டாம் என்று எந்நேரமும் நின்றுவிடும் உரிமை உண்டு. வழியெங்கும் தண்ணீர் தருவோர் உண்டு; மருத்துவர் உண்டு; மறுநாள் ஓய்வும் உண்டு. பின்னதில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கால் தளர்வதும் மூச்சு வாங்குவதும் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆயினும், நிற்க முடிந்தும் நில்லாமல் செல்வதில்தான் மனவுறுதி என்னும் பண்பு வெளிப்படுகிறது. நிற்க முடியாதபடி செலுத்தப்பட்டவன் தாங்கிக்கொண்டது அவனது பெருமை; அவனை அந்நிலையில் வைத்தது பிறரது கொடுமை. பெருமையைப் பாடும்போது கொடுமையை மறத்தல் அறமாகாது.

அவ்வாறாயின், தானே விரும்பி ஏற்றது என்ற ஒன்றே ஒரு துன்பத்தை உயர்ந்ததாக்கி விடுமா? அதுவும் போதாது என்பதே என் கருத்து. 1982ஆம் ஆண்டு ஹவாய்ப் போட்டியில் ஜூலி மாஸ் என்னும் மாணவி பெண்களுள் முன்னணியில் வந்தார். முடிவுக்கோட்டை நெருங்கும்போது அவர் கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். இறுதியில் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அதற்குள் மற்றொருவர் அவரைக் கடந்து, 29 விநாடி முன்னதாகவே வென்றுவிட்டார். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோர் உருகினர். அது விடாமுயற்சியா, உடம்பின்மீது இழைத்த வன்முறையா என்ற ஐயம் அப்போதும் எழலாம், இப்போதும் எழலாம். தன்னை வெல்வதற்கும் தன்னை அழிப்பதற்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது.

இதனோடு வேறு இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2016இல் மெக்சிகோவின் கோசுமல் தீவில் நடந்த போட்டியில், முன்னணியில் ஓடிய ஜோனி பிரவுன்லீ முடிவுக்குச் சில நூறு மீட்டருக்கு முன் வெப்பத்தால் நிலை தடுமாறினார். பின்னால் வந்த அவர் அண்ணன் அலிஸ்டர், தாம் வெல்லும் வாய்ப்பை விட்டு, தம்பியைத் தோளில் தாங்கி வந்து, தமக்கு முன்னே கோட்டைக் கடக்கச் செய்தார். அண்ணன் தம்பிக்குச் செய்தது வியப்பன்று என்பாரும் உளர். ஆனால் 2020இல் ஸ்பெயின் நாட்டுச் சாந்தாந்தேர் நகரில் நடந்ததற்கு அவ்வுறவும் இல்லை. மூன்றாம் இடத்தில் ஓடிய ஜேம்ஸ் டீகிள் முடிவுக்கு அருகில் வழி தவறித் திரும்பினார். அதனால் முந்திவிட்ட தியேகோ மெந்திரிதா கோட்டின் முன்னே நின்று, அவர் வரும்வரை காத்திருந்து, அவருக்கே மூன்றாம் இடத்தை விட்டுக் கொடுத்தார். மணிக்கணக்கில் தம்மை வருத்திக்கொண்டு பெற்ற பயனை ஒரு நொடியில் கைவிட்டனர் இருவரும். களைப்பின் உச்சியிலும் அவர்கள் கண்கள் பிறரைக் கண்டன.

வள்ளுவர் தவம் என்னும் அதிகாரத்தில், தவத்தின் வடிவத்தை ஒரே பண்பால் முடித்துவிடவில்லை என்பதை ஈண்டு நினைவுகூரலாம். தனக்கு நேரும் வருத்தத்தைப் பொறுப்பதுடன், பிற உயிரை வருத்தாமையையும் அவர் சேர்த்தே வைக்கிறார். பொறுமை மட்டும் இருந்தால் அது உடலின் வலிமை. பிறர்பால் அக்கறையும் சேர்ந்தால்தான் அது தவம். தேடி ஏற்கும் துன்பத்தை மதிப்பிட இதனினும் நல்ல அளவுகோல் வேண்டியதில்லை. நெடுந்தூரம் ஓடிவந்த ஒருவர், வழியோரத்தில் குனிந்து நாற்று நடுபவரின் முதுகுவலியை முன்னைவிட நன்கு உணர்ந்தால் அவர் ஓட்டம் பயனுடைத்து. 'நான் தாங்கினேன், நீ ஏன் முணுமுணுக்கிறாய்?' என்று கேட்கத் தொடங்கினால் அவர் ஓடிய தொலைவெல்லாம் வீண்.

இனி, பள்ளிக்கூடத்திற்கு வருவோம். பசியோடு வகுப்பில் அமரும் பிள்ளையிடம், 'துன்பமே உன்னைச் செதுக்கும்' என்று சொல்வது எளிது. அழகாகவும் ஒலிக்கும். ஆனால் அப்பசி அவன் தேடி ஏற்ற துன்பமன்று. அதனைப் புகழ்வது நம் வேலையன்று. போக்குவதே நம் வேலை. அவன் வயிறு நிறைந்த பின்னரே குறுக்கோட்டத்திற்கு அவனை அழைக்க வேண்டும். 1998இல் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டில் நம் நாட்டின் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். பல்லாண்டுப் பயிற்சியின்றி எவரும் அத்தொலைவை வென்றுவிட இயலாது. பயிற்சிக்கு உணவு வேண்டும், ஓய்வு வேண்டும், வழிகாட்டி வேண்டும். வறுமை இவற்றுள் எதனையும் தருவதில்லை.

ஆதலின் மாணவர்களே, உங்கள் தோளுக்கு ஏற்ற சுமையை நீங்களே தேர்ந்து எடுங்கள். அது ஓட்டமாகலாம், நீச்சலாகலாம், கடினமான நூலொன்றைக் கற்பதாகலாம். எடுத்ததை இடையில் எளிதாக விட்டுவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, அவர்கள் தேராத சுமைகளை இறக்கி வைப்பதில் நாம் முந்துவோம். ஓட்ட நாளன்று முதலில் வந்தவனுக்குப் பரிசளித்த பின்னும் திடலை விட்டு அகலாமல், கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை நிற்போம்.