உடைத்தவன்தான் கட்டணுமா?

நாலைந்து பேர் காசு போட்டு ஒரு பழைய காடி வாங்குகிறார்கள். பந்தயத்தில் அதை மாறி மாறி ஓட்டுகிறார்கள். மூன்றாவது ஆள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இஞ்சின் வெடித்துவிடுகிறது. புது இஞ்சினுக்கு யார் காசு தருவது?

கேட்கும்போது சின்னக் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிவிட்டது. காடிக்குக் கூண்டு அடித்தாயிற்று, பின் சீட்டைக் கழற்றியாயிற்று. இந்த ஒரு கேள்விக்குத்தான் நீண்ட நாள் பதில் கிடைக்கவில்லை. இது காசைப் பற்றிய கேள்வியே இல்லை என்று எனக்குப் புரிந்தபோது எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் ராசாவும் அதைச் சுற்றியுள்ள பகுதியும்தான். இரண்டு பேர் தொழிற்சாலைப் பொறியாளர்கள், அதில் நான் ஒருவன். ஒருவர் கணக்காளர், ஒருவர் லோரி கம்பெனி வைத்திருப்பவரின் மகன். ஐந்தாவது ஆள் ஃபோர்மேன் அண்ணன். பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், காடி ஓட்டுவதில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர்.

சிரம்பானில் வளர்ந்தவனுக்கு செப்பாங் தூரத்து ஊர் இல்லை. 1999-இல் அந்த ஓடுதளம் திறந்ததிலிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் அங்கே வந்தது. செம்பனைக்கு நடுவில் 5.543 கிலோமீட்டர் நீளம், பதினைந்து வளைவு. ஃபார்முலா ஒன் போய்விட்டது, உள்ளூர்க்காரர்களின் பந்தயங்கள் போகவில்லை. 2009-இல் ஆரம்பித்த செப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயம் எங்களுக்குத் தூரத்து விளக்கு மாதிரி. ஆயிரம் கிலோமீட்டர் என்றால் 181 சுற்று. ஒரே ஆள் ஓட்டி முடிக்கிற காரியமில்லை. பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஆள் மாற உள்ளே வர வேண்டும். வேகமாக ஓடுகிற காடியைவிட நிற்காமல் ஓடுகிற காடிக்குத்தான் அங்கே மரியாதை.

குறைந்த செலவில் இப்படி ஓடுவதை உலகத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற பந்தயத் தொடரில் காடியின் விலை 500 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, பாதுகாப்புச் சாமான் அந்த 500-இல் சேராது என்பது. கூண்டு, இருக்கை, வார், பிரேக் இதற்கெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். எதில் கஞ்சத்தனம் கூடாது என்பதை விதியே சொல்லிவிடுகிறது. செலவு விதி என்பது பாதி ஒழுக்க விதிதான்.

எங்களிடம் இருப்பது பழைய புரோட்டோன் சத்ரியா. அதற்கு ஒரு செலவு விதி தேவைப்பட்டபோது கணக்காளர் மச்சான் சுருக்கமாகச் சொன்னான்: "உடைச்சவன் கட்டணும். அவ்ளோதான்லா."

முதலில் எனக்கும் இது நியாயமாகத்தான் பட்டது. செய்தவன் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பதைவிடப் பழைய நியாயம் எது? பல வெளிநாட்டுக் குழுக்களிலும் இதே விதி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் ஃபோர்மேன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா நான் ஓட்டலை தம்பி. நான் ஸ்பேனர் புடிக்கிறேன், நீங்க ஓட்டுங்க."

அவர் கோபப்படவில்லை. கணக்குப் போட்டார், அவ்வளவுதான். ஒரு இஞ்சினின் விலை லோரி கம்பெனி மகனுக்கு ஒரு வார இறுதிச் செலவு. எனக்கு ஒரு மாத நெருக்கடி. அண்ணனுக்கு வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் சேர்ந்தது. எல்லாருக்கும் ஒரே விதிதான், ஆனால் ஒரே பாரம் இல்லை. விதி வாயைத் திறக்காமலேயே ஓர் ஆளை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்கிவிட்டது. அதுவும் நல்ல ஓட்டுநரை.

சரி, ஏழை பணக்காரன் வித்தியாசத்தை ஒதுக்கி வைப்போம். ஐந்து பேருக்கும் ஒரே சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது விதி சரியா?

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வருகிறது. உலோகம் ஒரே நாளில் உடைவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகிறது. 1924-இல் பாம்கிரேன், 1945-இல் மைனர் என்று இரண்டு பேர் சொன்ன எளிய கணக்கு ஒன்றை இயந்திரவியல் மாணவர்கள் படிப்பார்கள். ஒவ்வொரு சுமையும் பாகத்தின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்கிறது. பங்குகளைக் கூட்டி ஒன்று வரும்போது பாகம் உடைகிறது. இஞ்சினின் கனெக்டிங் ராட் போல்ட் ஒன்று 150-ஆவது சுற்றில் அறுந்தால், அதற்கு முந்தைய 149 சுற்றும் அதை அறுத்திருக்கின்றன. கடைசி சுற்றை ஓட்டியவன் பெயர்தான் சீட்டில் விழுகிறது.

ஆனால் எல்லா உடைப்பும் அப்படி இல்லை. நாலாவது கியரிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டியவன் பதற்றத்தில் மூன்றுக்குள் தள்ளிவிட்டால், சக்கரமே இஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுற்றவைத்துவிடும். சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எரிபொருளை மட்டும்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வு வளைந்துபோனால் அதைச் செய்தவன் யார் என்று தெரியும். இரண்டும் கலந்து வந்தால்? களைத்த போல்ட், தப்பான கியர், இரண்டும் ஒரே நொடியில்?

1952 லெ மான் பந்தயம் நினைவுக்கு வருகிறது. 24 மணி நேரப் போட்டி. பிரான்ஸின் பியேர் லெவெக் தன் டால்போ காடியைத் தனியாளாகவே ஓட்டினார். மாற்று ஓட்டுநர் தயாராக நின்றார், லெவெக் இறங்கவில்லை. பெரிய முன்னிலையில் இருந்தார். முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது இஞ்சின் போய்விட்டது. மெர்சிடிஸ் ஜெயித்தது. களைப்பில் கியரைத் தப்பாகப் போட்டார் என்று ஒரு தரப்பு. இஞ்சினில் ஓர் அதிர்வு இருந்தது, அது தனக்கு மட்டுமே தெரியும் என்பதால்தான் அவர் அடுத்தவரிடம் கொடுக்கவில்லை என்று மறுதரப்பு. எழுபது ஆண்டு கழித்தும் இதற்குத் தீர்ப்பு இல்லை. பிரான்ஸே பார்த்துக்கொண்டிருந்த பந்தயத்தில் யார் உடைத்தார் என்று சொல்ல முடியவில்லை. பட்டறையில் ஐந்து பேர் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

'உடைத்தவன் கட்டணும்' என்ற விதியின் ஆழமான கோளாறு எனக்கு இதுதான். அது காடியை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கவைக்கிறது. சத்தம் மாறினால் ஓட்டுபவன் வானொலியில் சொல்ல மாட்டான். சொன்னால் அவன் கணக்கில் ஏறும். எப்படியாவது தன் நேரத்தை முடித்து, அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பான். காடியைக் காக்க வைத்த விதி, காடியைக் கொல்ல ஆரம்பிக்கும்.

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மரத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "ஆழமா போயிடக் கூடாதுய்யா." கத்தி பட்டையை மில்லிமீட்டர் கணக்கில்தான் சீவ வேண்டும். கொஞ்சம் உள்ளே போய் மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை கரடுமுரடாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பட்டையில் மறுபடி வெட்ட வருகிறவருக்குக் கத்தி ஓடாது. அப்போது அந்த நிரையில் நிற்பது யாரோ. பாட்டியின் ஜாக்கிரதை அந்த யாரோவுக்காகவும்தான். அதே சமயம், காயம் போட்டால் தோட்டத்தில் திட்டும் விழும், காசும் பிடிப்பார்கள். பயமும் அக்கறையும் ஒரே கத்தியில்தான் இருந்தன. எது அவரை நிதானமாக வெட்டவைத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கணக்காளர் மச்சானின் எதிர்வாதம் அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. "எல்லார் காசும்னா யாருக்கும் வலிக்காது. பொதுக் கழிப்பறையைப் பாரு." அதில் உண்மை இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குதான் தனக்கு வலிக்கும் என்றால், கால் பெடலில் கொஞ்சம் அதிகமாக அழுந்தும். இதற்குப் பதில் சொல்லாமல் நட்பு, ஒற்றுமை என்று பேசுவது ஏமாற்று.

பதிலுக்கான நூலை எனக்குக் கொடுத்தவர் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. 1976-இல் அவரும் தாமஸ் நேகலும் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' பற்றி ஒரே அரங்கில் விவாதித்தார்கள். வில்லியம்ஸ் ஒரு லோரி ஓட்டுநரைச் சொல்கிறார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஆனாலும் அவர் லோரியில் ஒரு குழந்தை அடிபட்டுவிடுகிறது. நாம் அவரைத் தேற்றுவோம், "உங்க தப்பு இல்லை" என்போம். ஆனால் அவர் உடனே "ஆமா, என் தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நமக்கு உறுத்தும். குற்றமில்லாமலும் ஒரு செயலோடு ஒருவருக்குத் தனி உறவு உண்டு. வேடிக்கை பார்த்தவருக்கு அந்த உறவு இல்லை.

இஞ்சின் போவது மரணம் இல்லைதான். ஆனாலும் இங்கே இரண்டு விஷயம் பிரிகிறது. செலவை யார் தாங்குவது என்பது ஒன்று. நடந்ததற்கு யார் பதில் சொல்வது என்பது இன்னொன்று. 'உடைத்தவன் கட்டணும்' என்பது இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. காசைக் கட்டிவிட்டவன் பேச வேண்டியதில்லை, அவன் கடன் தீர்ந்தது. பணக்காரனுக்கு இது வசதி. காசில்லாதவனுக்கு இது தடை. காடிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

செலவைப் பங்கு போடுவது நம் ஆட்களுக்குப் புதுசும் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவர் தோட்டத்துக்குப் பங்காளி ஆவதற்கு அந்தப் பத்து வெள்ளிதான் வாசல். வாசலின் உயரத்தை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்கள்தான் உள்ளே வருகிறவர்களையும் தீர்மானிக்கிறார்கள்.

பதில் சொல்வது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 2025 ஜனவரியில் துபாயில் ஓர் உதாரணம் நடந்தது. 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித் குமாரின் காடி விபத்துக்குள்ளானது. அணி அவருடையது, பெயரும் அவருடையது. ஆனாலும் அணியின் நலனுக்காக அந்தப் பந்தயத்தில் தன் அணிக் காடியை ஓட்டுவதிலிருந்து விலகினார். அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. லெவெக் இறங்கவில்லை, இவர் இறங்கினார். லெவெக்கைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பலர் ஓட்டுகிற காடியில் இறங்கத் தெரிவதும் ஓட்டத் தெரிவதின் பகுதி.

இப்போது எங்கள் விதி இப்படி இருக்கிறது. மாதாமாதம் ஒரு சின்னத் தொகையை எல்லாரும் பொதுவில் போடுகிறோம். ஃபோர்மேன் அண்ணனின் வேலை நேரம் அவர் பங்காகக் கணக்கில் ஏறுகிறது, பட்டறையில் அவருக்குக் கிடைக்கிற அதே கூலி விகிதத்தில். எது உடைந்தாலும் பொதுக் காசு. ஆனால் யார் கையில் உடைந்ததோ அவர் அன்றே எல்லார் முன்னாலும் கடைசி மூன்று சுற்றில் என்ன கேட்டார், என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். அதைத் திருத்தும் வேலையில் கடைசிவரை கூட நிற்க வேண்டும். ஒரு சத்தத்தை முன்கூட்டியே சொல்லி உள்ளே வந்தவரை, நேரம் போனதற்காக யாரும் கிண்டல் செய்யக்கூடாது.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. வேண்டுமென்றே அலட்சியமாக ஓட்டுகிறவனை என்ன செய்வது என்று மச்சான் இன்னும் கேட்கிறான். அவனை ஓட்டவிடக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு மறுபடி சாவி கொடுக்கக் கூடாது என்பதுதான் என் பதில். அலட்சியத்துக்கு விலை வைத்தால் அது விற்பனைக்கு வந்துவிடும். மச்சான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, "பாப்போம்" என்றான். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. இருக்கையைத் தன் கால் நீளத்துக்கு முன்னால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.