குருகுலத்துப் பந்தி

கல்வி எங்கே நடைபெறுகின்றது என்று ஒருவரைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் என்று விடை கூறுவார். பள்ளிக்கூடத்தில் எவ்விடத்தே என்று மறுபடியும் கேட்போமாயின் வகுப்பறையைக் காட்டுவார். பகற்பள்ளியைப் பொறுத்தமட்டில் இவ்விடை ஏறக்குறையச் சரியே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டுமென்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மலாயாவில் விதித்த நாள் முதலாக, நம் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்த கல்வி இவ்வகையினதாகவே இருந்தது. காலையில் லயத்தினின்றும் போனார்கள். வகுப்பு முடிந்ததும் லயத்துக்கே திரும்பினார்கள். சோறும் உறக்கமும் வீட்டின் பொறுப்பு. பள்ளி தவறாகக் கற்பித்ததை வீடு திருத்தலாம். வீடு தவறாகக் கற்பித்ததைப் பள்ளி திருத்தலாம். அவை திருத்தினவா என்பது வேறு விஷயம்.

மாணவர் தங்கிப் பயிலும் உறைவிடப் பள்ளியின் இயல்போ வேறு. அங்கே பிள்ளைக்கு நாள் முழுவதும் பாடவேளைதான். யார் தண்ணீர் இறைப்பது, யார் முற்றம் கூட்டுவது, யார் பரிமாறுவது, யாருக்கு அருகில் யாருக்கு இலை போடப்படுகின்றது ஆகிய யாவும் அவனுக்குப் பாடமாகின்றன. இப்பாடங்களுக்குப் புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பிழை நேர்ந்தால் திருத்துவதற்குத் தாய் தந்தையர் பக்கத்தில் இல்லை. ஊருக்குப் புறம்பே ஆற்றங்கரையிலோ மலையடியிலோ புதுமுறைக் கல்வி நல்குவோம் என்று பள்ளி தொடங்குவோர், இந்தப் பெரும் பொறுப்பைத் தாமே விரும்பி ஏற்றுக்கொள்கின்றனர். இத்தகைய பள்ளியொன்றில், ஒரு பெற்றோருக்கு அளித்த வாக்கைக் காப்பதற்காக ஏனைய பிள்ளைகளின் மதிப்பைக் குறைக்கலாமா? நாம் கற்பனையாக எழுப்பும் கேள்வியன்று இது. நூறாண்டுகளுக்கு முன்னர்த் திருநெல்வேலிச் சீமையில் மெய்யாகவே எழுந்து, தமிழ்நாட்டு அரசியலை அசைத்துவிட்ட கேள்வி.

சேரன்மாதேவி தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர். வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்க் குருகுலம் அங்கேதான் நடைபெற்றது. ஐயரை இலேசாக எடைபோட்டு ஒதுக்கிவிட எவராலும் இயலாது. சட்டக் கல்விக்காக இலண்டன் சென்று, நாட்டுப்பற்றினால் அவ்வாழ்வைத் துறந்து, 1910 முதல் பத்தாண்டுக் காலம் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியோருள் ஒருவரென்று இன்றும் போற்றப்படுபவர். ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்து சிறை சென்றவர். அந்நிய ஆட்சியாரின் பள்ளிகள் காரியாலயத்துக்கு வேண்டிய குமாஸ்தாக்களை உண்டாக்குகின்றன என்பது அக்காலத்துத் தேசியவாதிகள் பலருடைய மனக்குறை. ஏட்டுக் கல்வியோடு உடற்பயிற்சியும் கைத்தொழிலும் சேர்ந்து, பிள்ளையின் மனமும் உடலும் கையும் ஒருங்கே வளர வேண்டுமென்பது குருகுலத்தின் நோக்கம். தேச விடுதலைக்கு ஆள் தயாரிக்கும் இடம் என்று கருதியே பொதுமக்கள் பொருள் உதவினர். தமிழ்நாடு காங்கிரஸ் குழு 10,000 ரூபாய் தருவதாக ஒப்பி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

இரண்டு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர், தம் பிள்ளைகள் மற்றவரோடு சமபந்தியில் உண்ணலாகாது என்னும் நிபந்தனையின்மேல் அவர்களைச் சேர்த்தனர். ஐயர் அதற்கு இசைந்தார். தாம் மட்டும் எல்லாப் பிள்ளைகளோடும் கூடி அமர்ந்தே உண்டார். சாதியாசாரத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததென்று கூற இடமில்லை. ஆயினும் செய்தி வெளியில் பரவியபோது புகார்கள் பெருகின. உணவின் தரத்திலும் தண்ணீர்ப் பானையிலும்கூட வேற்றுமை பாராட்டப்படுகின்றது என்றனர். டாக்டர் வரதராஜுலு நாயுடு இதனை எடுத்துக்கொண்டு போராடினார். அப்போது காங்கிரஸிலிருந்த ஈ. வெ. ராமசாமியாரும் சேர்ந்துகொண்டார். 1925ஆம் ஆண்டில், பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதைத் தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த ஸ்தாபனமும் கைக்கொள்ளலாகாது என்னும் பொருளமைந்த தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொண்டுவர, மாகாணக் குழு அதனை ஏற்றது. அதை ஒப்பாத இராஜகோபாலாச்சாரியாரும் வேறு சிலரும் குழுவினின்றும் விலகினர். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்கக் குதித்து, மகளோடு தாமும் மாண்டார். அந்த முடிவைப் படிக்கும் எவர்க்கும் நெஞ்சு கலங்கும். ஆனால் இரக்கத்தைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முடியாது.

ஐயர் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் யாது? இரண்டுபேர் தனியே உண்பதனால் மற்றவர்க்கு என்ன குறைந்துவிட்டது என்பர் சிலர். இது வலுவற்ற வாதம். ‘உன்னோடு உட்கார்ந்தால் எனக்குத் தீட்டு’ என்பதைச் சோற்றுவேளைதோறும் ஒரு பிள்ளைக்கு அறிவித்துவிட்டு, இலையில் சோறு குறையவில்லையே என்று கேட்பது போலாகும். இதனினும் வலுவான வாதம் ஒன்றுண்டு. பழமையில் ஊறிய பெற்றோரை முதலில் உள்ளே வரவிட வேண்டும். பிள்ளை பள்ளிக்கு வந்தாலன்றோ அவன் உள்ளம் மாறும். வாயிலிலேயே சண்டையிட்டால் அவன் தன் அக்கிரகாரத்தைவிட்டு வெளியே வரவே மாட்டான் என்பது அது. சீர்திருத்தம் பேசுவோர் இதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. நம்மில் எத்தனைபேர் பாட்டியின் மனம் நோகாதிருக்க வேண்டுமென்று வீட்டில் எத்தனை காரியங்களுக்கு இசைந்து போகின்றோம்!

மூன்றாவது வாதமே மிகக் கடினமானது. கொடுத்த வாக்கு, வாக்குத்தானே? நல்லதோ கெட்டதோ, ஒப்புக்கொண்டபின் ஊரார் கூச்சலுக்கு அஞ்சி அதனை மீறுபவன் நாளை எதைத்தான் மீறமாட்டான்? இப்போதுள்ள இருவர் மட்டில் வாக்கு நிற்கட்டும், இனிச் சேர்வோர்க்கு இச்சலுகை வேண்டாம் என்றதொரு சமாதானமும் அப்போது பேசப்பட்டது. கேட்பதற்கு நடுநிலையாகவே தோன்றுகின்றது. நாமும் சற்று நேரம் அப்பக்கம் சாய்ந்து பார்ப்போம்.

சாய்ந்து பார்க்குமிடத்து ஒன்று தெரிகின்றது. வாக்குக் கொடுத்தவர் ஐயர். வாக்குப் பெற்றவர் இரு சிறுவரின் பெற்றோர். அந்த வாக்கை நிறைவேற்றுவதற்குரிய விலையை நாள்தோறும் செலுத்தியவர் யார்? ஐயரல்லர், அவருடைய இலை எல்லோருடைய பந்தியிலும் இருந்தது. அப்பெற்றோருமல்லர், அவர்கள் விரும்பியதைப் பெற்றுக்கொண்டனர். விலை கொடுத்தோர் மற்றைப் பிள்ளைகள். ஒப்பந்தம் பேசியபோது அவர்கள் அங்கே இல்லை. அவர்களுடைய தந்தையரைக் கேட்டாரும் இல்லை. தன் நிலத்தை ஒருவன் தானமாகக் கொடுக்கலாம்; அண்டை வீட்டான் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, ‘சொன்ன சொல் தவறேன்’ என்று நிற்பானாயின் அதனை வாய்மை என்போமா? அந்த வாக்கு முறிந்த நாளில் முறிக்கப்பட்டதன்று. பிறருடைய மானத்தை ஈடுவைத்துக் கொடுத்த அந்த நொடியிலேயே அது செல்லாது போயிற்று. ஆதலால் இருவர் மட்டில் நிற்கட்டும் என்ற சமாதானமும் நமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றவில்லை. அந்த இருவர் படிப்பை முடிக்கும்வரை, மற்றையோர் தினமும் கடனிறுக்க வேண்டுமே!

இக்கரைத் தமிழர்க்கு இது விளங்காத பொருளன்று. கங்காணி ஊருக்குச் சென்று ஆள் கட்டிய காலத்தில் எத்தனை வாக்குகளை வாரி வழங்கினான்! துரைக்கும் வாக்களித்தான், ஊராருக்கும் வாக்களித்தான். 1938இல் அம்முறை நின்று போகும்வரை அவ்விரண்டு வாக்குகளின் பாரத்தையும் சுமந்தது பால்மரத்தின் கீழே குனிந்த முதுகு. குருகுலத்து ஐயரைக் கங்காணியோடு ஒப்பிடுகின்றோம் என்று எவரும் சினங்கொள்ள வேண்டா. அவர் தன்னலம் கருதியவர் அல்லர். அதனால்தான் இவ்வழக்கு நம் சிந்தைக்குரியதாகின்றது. தீயவன் செய்த தீமையை ஆராய்வதற்குப் பேரறிவு தேவையில்லை.

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதைத் தமிழ்ப் பிள்ளைகளே வாழ்ந்து காட்டியிருந்தனர். சேரன்மாதேவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1910இல், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அப்பால் டால்ஸ்டாய் பண்ணை நிறுவப்பட்டது. காலன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் அளித்த ஏறக்குறைய 1,100 ஏக்கர் நிலம். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோரின் குடும்பங்களைக் காந்தியார் அங்கே குடியேற்றினார். அவர்களுள் தமிழர் பலர். பிள்ளைகளுக்குப் பள்ளியும் அங்கேயே. காந்தியார் தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைக் கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், செருப்புத் தைக்கவும் பழகினர். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் ஏவுவதில்லை என்பது அங்கத்திய விதி.

சமையலறைச் சிக்கல் அங்கே சேரன்மாதேவியினும் பெரியது. இந்துவும் முஸ்லிமும் பார்சியும் கிறித்தவரும் ஒரே பண்ணையில் இருந்தனர். ஒருவர்க்கு விலக்கானது மற்றவர்க்கு அன்றாட உணவு. பிறர் வழக்கத்தை மதிக்க வேண்டுமென்று காந்தியார் எண்ணினார். புலால் வேண்டுமென்று கேட்டால் மறுப்பதெப்படி என்றும் கவலையுற்றார். கடைசியில் அங்குள்ள பெண்களையும் குடும்பத்தாரையும் நேரே கேட்டார். அவர்கள் இசைந்ததன்மேல் புலாலில்லாத ஒரே சமையலறை ஏற்பட்டது. ரமலான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பிருந்தபோது, துணையாக மற்றவரும் ஒருவேளை உணவை விட்டனர். புலாலை விட்டவர்களே அங்கு மிகுதியாக விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டு வாங்கினார்கள். கேட்கப்பட்டவன் கொடுப்பதற்கும் கேளாமல் பறிக்கப்படுவதற்கும் உள்ள தூரம் பெரிது. வழக்கத்தை மதிப்பது குற்றமில்லை. உன் வழக்கத்துக்காக நான் என் நாவை அடக்குவேன். உன் வழக்கம் என்னைத் தீண்டத்தகாதவன் என்று சொல்லுமாயின், அங்கே நான் அடக்க வேண்டியது நாவையன்று, என்னையே.

இனி, குருகுலத்தைக் கண்டித்து எழுந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். சேரன்மாதேவிப் பந்தியைக் கண்டு கொதித்த பிராமணரல்லாதார் அனைவரும் தத்தம் வீட்டுப் பந்தியைச் சீர்செய்துவிட்டனரா? தன் வயலில் உழைப்பவனுக்குக் கொல்லைப்புறத்தில் கொட்டாங்கச்சியில் கஞ்சி ஊற்றிவிட்டு, மேடையில் சமத்துவம் முழங்கியோர் இல்லையா? கடல் கடந்து வந்தபின்னும் தோட்டத்து லயங்களில் சாதி பார்த்து வீடு ஒதுக்கப்பட்ட காலம் ஒன்றுண்டு. அங்கே அக்கிரகாரம் ஏது!

அந்நோய் இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் தொடங்கிற்று. கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டேந்தி அமர்ந்தனர். குருகுலத்தில் முடியாதது நாடெங்கும் முடிந்தது என்று மகிழ்ந்திருக்கையில், 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அவ்வம்மையார் சமைத்த உணவைத் தாமே உண்டார். ஐயரும் எல்லாரோடும் உண்டவர்தாமே என்று ஒருவர் கேட்கலாம். வேற்றுமை இதுதான்: ஆட்சியர் தாம் உண்டதோடு நில்லாமல், அம்மறுப்பு அங்கே செல்லாது என்பதையும் பெற்றோர்க்கு உணர்த்தினார். வேறொரு சமையற்காரரை வைத்துத் தருகின்றோம் என்று வாக்களித்துத் திரும்பவில்லை.

பெற்றோர்க்குத் தம் பிள்ளைமேல் உரிமை உண்டு; அதனை நாம் மறுப்பதற்கில்லை. என் பிள்ளைக்கு இன்ன நூல் வேண்டும், இன்ன தொழில் வேண்டும், இன்ன உணவு ஆகாது என்று கூறலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை தன்னை யாரென்று எண்ண வேண்டும் என்பதை விதிக்கும் உரிமை எந்தத் தந்தைக்கும் இல்லை. அதை விற்கும் உரிமை எந்த ஆசிரியர்க்கும் இல்லை.

சேரன்மாதேவியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றியே பேசுகின்றனர். யார் விலகினார், யார் கட்சி மாறினார், எந்த இயக்கம் அதன்பின் பிறந்தது என்பவையெல்லாம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டன. நம் நெஞ்சம் அவ்விரு சிறுவர்பாலும் செல்கின்றது. சிறியவர் உள்ளம் எங்கும் ஒன்றே. கூடிப் படித்து, கூடி ஓடி, வியர்த்து வந்து நிற்கையில் உணவு மணி அடிக்கும். மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, ஆசிரியரையும் நடுவில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்காருவார்கள். இவ்விருவர் மட்டும் வேறிடம் போக வேண்டும். அங்கே இரண்டே இலை. அவர்களுடைய தந்தையரைக் கேட்டார்கள், தலைவர்களைக் கேட்டார்கள், குழு கூடி வாக்கெடுத்தார்கள். அப்பிள்ளைகளிடம், ‘தம்பி, நீ எங்கே உட்கார ஆசைப்படுகிறாய்?’ என்று ஒருவராவது கேட்டிருந்தால், என்ன விடை வந்திருக்கும்?