டோட்டோரோவும் சயாம் ரயிலும்

சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் கொள்ளுப்பேத்தி, ஜப்பானியர் எடுத்த படத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பதில் பிழை உண்டா? இந்தக் கேள்வியை யாரும் மேடையில் கேட்பதில்லை. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும், தோட்டத்து லயங்களை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்ட வீடுகளில், எப்போதாவது ஒரு முணுமுணுப்பாக அது எழும். “சப்பான்காரன் படமா?” என்பார் மூலையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏன் கேட்டார் என்று குழந்தைக்குத் தெரியாது. பல வீடுகளில் குழந்தையின் தாய்க்கும் சரியாகத் தெரியாது.

படத்தின் பெயர் ‘மை நெய்பர் டோட்டோரோ’. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கியது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளிவந்தது. 2020 பிப்ரவரியில் ஜிப்லி நிறுவனப் படங்கள் நெட்ஃபிளிக்ஸுக்கு வரத் தொடங்கியதிலிருந்து மலேசிய வீடுகளில் எந்த நேரமும் பார்க்கலாம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1950களின் ஜப்பானியக் கிராமம். தாய் மருத்துவமனையில் இருக்கிறாள். தந்தை இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். வீட்டை ஒட்டிய காட்டில் ஒரு பெரிய கற்பூர மரம். அதனடியில் ரோமம் அடர்ந்த பூதம் போன்ற ஓர் உயிர். இளையவள் அதன் வயிற்றின்மேல் விழுந்து தூங்கிப்போகிறாள். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தப் படத்தில் பெரியவர்கள் குழந்தைகள் சொல்வதைக் கேட்கிறார்கள். நான்கு வயதுச் சிறுமி தான் பார்த்ததைச் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை என்று அவளுக்குக் கோபம் வருகிறது. தந்தை அவளைப் பொய்க்காரி ஆக்குவதில்லை. காட்டின் காவலரைப் பார்த்திருக்கிறாய், அது எல்லாருக்கும் வாய்க்காது என்கிற பொருளில் பேசி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்க் கும்பிடுகிறார். சிறுமியின் பெயர் மெய். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரே போதுமான சாட்சி.

மரத்தைச் சுற்றி வைக்கோல் புரி கட்டியிருக்கிறது. அது எதற்கு என்று கிள்ளான் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து எல்லையில், மரத்தடியில், சூலம் நட்டு மஞ்சள் துணி சுற்றி, சுருட்டும் எலுமிச்சையும் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரரை அதன் பாட்டி அறிவாள். தோட்டங்கள் விலைபோய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது மரங்கள் விழுந்தன. முனியாண்டிகள் இடம் மாறினார்கள், சிலர் இல்லாமலே போனார்கள். பத்தாவது மாடியில் வளரும் பிள்ளைக்குக் காவல் மரம் கிடையாது. அதைத் திருப்பிக் கொடுக்க வந்தது எங்கோ சைத்தாமா மலையடிவாரத்துப் பூதம். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இனி மூலையில் இருப்பவரின் முணுமுணுப்புக்கு வருவோம். கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியர் கைக்குப் போனது. அதே ஆண்டில் சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் அது முடிந்தது. வேலைக்கு ஆள் பிடிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சும் இல்லாமல் லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. போருக்குப் பின் பிரிட்டிஷார் போட்ட கணக்கிலேயே இறந்த மலாயாத் தொழிலாளர் ஏறத்தாழ 30,000. மெய்யான எண் அதைவிடக் கூடுதல் என்பது பரவலான கருத்து. பாதைக்கு வேண்டிய தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்தது. பிரிக்பீல்ட்ஸே ரயில் ஊழியர்களின் குடியிருப்புகளால் வளர்ந்த இடம் என்பதை நினைத்தால் இது இன்னும் கசக்கும்.

“கலைக்கு நாடு கிடையாது” என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். சோம்பேறித்தனமான பதில். டோட்டோரோவுக்கு நாடு உண்டு. அந்த மரத்துக்கும் புரிக்கும், வழியோரத்துக் கல்சிலைகளுக்கும், நெல்வயலுக்கும் நாடு உண்டு. நாடு இருப்பதால்தான் அது நம் மனத்துக்கு இவ்வளவு கிட்டே வருகிறது. இனிமையை மட்டும் நாடில்லாததாக்கி எடுத்துக்கொள்வது வசதியான கணக்கு.

எடுத்தவர் யார் என்று பார்ப்பது நியாயம். மியாசாகி 1941 ஜனவரியில் பிறந்தவர். அவருடைய குடும்பத்து ஆலை சீரோ போர்விமானங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தது. குடும்பம் வசதியாக இருந்தது. 1945 ஜூலையில் உட்சுனோமியா நகரில் குண்டு விழுந்தபோது அவர்கள் லாரியில் தப்பினார்கள். குழந்தையோடு நின்ற ஒருவர் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டும் லாரி நிற்கவில்லை. ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் பிள்ளையாகத் தாம் இருக்கவில்லையே என்ற உறுத்தலை அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது நான்கு. மெய்யின் வயது. போர்க்காலப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கு ஜப்பான் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2013இல் எழுதியவரும் அவரே. சயாமைப் பற்றி அல்லதான். எனினும், வாயை மூடிக்கொண்டிருந்தவர்களின் வரிசையில் இவரை நிறுத்த முடியாது.

டோட்டோரோவைவிடச் சிக்கலானது அதோடு சேர்த்தே திரையிடப்பட்ட இன்னொரு படம். அதே நாளில், ஒரே சீட்டுக்கு இரண்டாக ஜிப்லி வெளியிட்டது இசாவோ தகஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. கோபே நகரத்துக் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் தேய்ந்து சாகும் கதை. அகியுகி நொசாகா, போரின்போது பட்டினியில் இறந்த தன் தங்கையை எண்ணி எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. 2024 செப்டம்பரில் இதுவும் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. டோட்டோரோ போல இன்னொன்று என்று நினைத்து ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைப் போட்டுவிடும் பெற்றோர் பாவம். பிள்ளை அதைவிடப் பாவம்.

அந்த அண்ணன் தங்கையின் தகப்பன் கடற்படை அதிகாரி. அந்தப் படை எங்கே போயிருந்தது, அங்கே என்ன செய்தது என்று படம் சொல்வதில்லை. தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சயாமுக்குப் போன அப்பனை எதிர்பார்த்து வயிறு வீங்கிக் கிடந்த பிள்ளைகளின் பேரன் பேத்திகள் இதைப் பார்க்கும்போது தொண்டையில் ஏதோ சிக்கத்தான் செய்யும். ஆனால் பசியால் சாகிற நான்கு வயதுப் பெண்ணிடம் ‘உன் அப்பன் கணக்கைக் கொண்டுவா’ என்று கேட்க முடியுமா? அழுகிறவன் முதலில் மற்றவனுக்காக அழுதுவிட்டுத்தான் தன் வீட்டுச் சாவுக்கு அழ வேண்டும் என்று எந்த ஊர் இழவிலும் விதி இல்லை. அவர்கள் தங்கள் பிள்ளைக்காக அழுதார்கள். நம் பிள்ளைக்காக அழும் வேலை நம்முடையது.

அந்த வேலை எவ்வளவு நடந்தது? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். எத்தனை வீட்டு அலமாரியில் அவை இருக்கின்றன என்பது வேறு கேள்வி. உலகம் அந்த ரயிலை அறிந்தது 1957இல் டேவிட் லீன் எடுத்த க்வாய் நதிப் பாலத்துப் படத்தால். இலங்கையில் கித்துல்கலையில் படம் பிடித்தார்கள். கதை வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. தமிழன் அதில் இல்லை.

தடுப்பதே நியாயம் என்போருக்கு முன்மாதிரி உண்டு. தென்கொரியா ஜப்பானியக் கேளிக்கைகளுக்கு நெடுங்காலம் கதவை மூடியிருந்து 1998இல்தான் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. டோட்டோரோ அங்கே திரையரங்குக்கு வந்தது 2001இல். மலேசியா அப்படிச் செய்யவில்லை. 1967இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, 2.5 கோடி வெள்ளி மதிப்புக்குப் பொருளாகவும் சேவையாகவும் ஜப்பான் தந்ததோடு ரத்தக்கடன் தீர்ந்ததென்று ஏட்டை மூடின. 1982இல் ஜப்பானைப் பார்த்துக் கற்கும் ‘கிழக்கை நோக்கு’ கொள்கை வந்தது. இன்று ஷா ஆலமில் ஆண்டுதோறும் போன் ஒடோரி ஆட ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அது இறந்த முன்னோரை வரவேற்கும் பண்டிகையின் ஆட்டம். 2022இல் அதைச் சுற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தபோதும் அது முஸ்லிம்கள் கலந்துகொள்ளலாமா என்பதைப் பற்றியது, போரைப் பற்றியதன்று.

தடை நம் வீட்டுக்குள்ளும் செல்லாது. ஏனென்றால் நம் வீட்டு நினைவு ஒருமுகமானதில்லை. ஒரு தாத்தா சயாமுக்குப் போனார். இன்னொரு தாத்தா அதே 1943இல் ஜப்பானியர் ஆதரவோடு நின்ற நேதாஜியின் படையில் சேர்ந்தார். சிலர் ரயிலுக்குத் தப்பவே படைக்குப் போனார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். யாரை அனுப்புவது என்று தோட்டத்தில் பெயர் குறித்துக் கொடுத்தவர்களில் நம் கிராணிகளும் கங்காணிகளும் இருந்தார்கள். ‘சப்பான்காரன்’ என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையையும் திணித்துவிட்டால் சயாமுக்குப் போனவரின் கதை அதில் நசுங்கிப்போகும்.

ஆகவே படம் பார்ப்பதில் பிழை இல்லை. பிழை அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. அதாவது, பாதி சொல்லி மீதியை விழுங்குவதில். வெறுப்பின் வாசனையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அதன் காரணத்தைக் கொடுக்காமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான வழி. டோட்டோரோவே இதைக் காட்டுகிறது. தாயின் நோய்க்குப் படத்தில் ஒரு பெயர் சொல்லப்படுவதில்லை. வெறும் சளி, அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து தந்தி வந்ததும், மூத்தவள் உடைந்து அழுகிறாள். முன்பும் இப்படித்தான் சொன்னார்கள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. மறைத்ததைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். மியாசாகியின் தாய் அவருடைய பள்ளிப்பருவத்தில் பல ஆண்டுகள் முதுகெலும்புக் காசநோயில் கிடந்தவர். இந்த அழுகையை அவர் ஊகித்து எழுதியிருக்க வேண்டியதில்லை.

சொல்லத்தான் வேண்டும் என்றால் எப்போது, எப்படி? படத்தின் தலையில் கட்டி அல்ல. ‘இதைப் பார்த்து ரசி, ஆனால் இவர்கள் நம்மைக் கொன்றவர்கள் என்பதையும் தெரிந்துகொள்’ என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வது கையில் மிட்டாயைக் கொடுத்துக் கன்னத்தில் அறைவது போல. ரயில் கதைக்கு அதற்குரிய நாள் வரட்டும். பிள்ளை தானாகக் கேட்கும் வயதில், ஒரு நாட்டின் கதையாக இல்லாமல் ஓர் ஆளின் கதையாக: இன்ன தோட்டம், இன்ன பெயர், இத்தனாவது லயம், போனபோது வீட்டில் இத்தனை பிள்ளைகள்.

அப்படிச் சொல்ல முதலில் அது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் படையினருக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை; அவர்கள் பெயர்கள் எங்காவது இருந்தால் வயதானவர்களின் வாயில் இருக்கின்றன. ரயில் பாதை போட்டபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. டோட்டோரோ ஓடுவது 86 நிமிடம். பிள்ளை கூடத்தில் அதைப் பார்க்கட்டும். பக்கத்து அறைக்குப் போய், போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.