பாதயாத்திரைக்கு எந்தப் பாதை?

குஜிலியம்பாறையிலிருந்து பழநிக்கு நடக்க இரண்டு வழி. ஒன்று எரியோடு, திண்டுக்கல் சுற்றி. இன்னொன்று வேடசந்தூர் வழியாகக் குறுக்கே. இரண்டும் ஒட்டன்சத்திரத்தில் சேர்ந்துவிடும். தைப்பூசம் நெருங்கும்போது குழுவில் எழும் முதல் வாதமே, 'எது கிட்ட?' என்பதுதான். கேள்வியே தப்பு என்பேன். காலில் கொப்புளம் வந்த அத்தைக்கு நடக்கும் தூரம் மிச்சமாவதைவிட, பத்து மணி வெயிலுக்கு முன் ஒரு மண்டபமும் தண்ணீர்க் குழாயும் கிடைப்பது பெரிது. (வேகமாக நடக்கும் இளவட்டங்களுக்கு இது புரிய இரண்டாம் நாள் ஆகும்.)

செட்டிநாட்டிலிருந்து காவடியோடு வரும் நகரத்தாரைப் பாருங்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று தலைமுறை தலைமுறையாக அதே தடம். எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை என்பது கிளம்பும்போதே தெரியும். வழியில் வாக்குவாதம் இல்லை.

பாதையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முதலில் கூப்பிடுங்கள். இருட்டில் நடக்கும் பகுதி எது என்று குறித்துக்கொண்டு, முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.