பங்கிடப்பட்ட கடமை

ஒருவர்க்கு நேர்ந்த ஆபத்தைப் பலர் கண்டவிடத்து, அவரைக் காக்குங் கடமை அப்பலருள் யாரைச் சாரும்? ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறிதைச் செய்து நீங்கினால், அச்சிறிதுகளெல்லாங் கூடிக் கடமை நிரம்பியதாகுமோ? நீதிநூல் கற்பிக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி எதிர்ப்படும் இவ்வினா, இமயமலையின் நடைவழி ஒன்றிலே நிகழ்ந்த ஒரு செய்தியால் நன்கு விளங்கும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

நேபாள தேசத்தில் அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிச் செல்லும் நெடுவழி ஒன்றுண்டு. முதுகிலே மூட்டை சுமந்து பல நாள் நடந்து மலைவளங் காண விரும்பும் பிறதேசத்தார் பலர் அவ்வழியே செல்வர். வழியின் முடி தொரோங் லா என்னுங் கணவாய். அது கடன்மட்டத்தின் மேல் 5,416 மீற்றர் உயரமுடையது. அதனைக் கடந்து மேற்கே இறங்குவோர், வைணவரும் பௌத்தரும் ஒருங்கே போற்றும் முத்திநாத் என்னுந் தலத்தை அடைவர். அக்கணவாயிலே காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதிற் பாதியளவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் பிராணவாயுவும் ஏறக்குறையப் பாதியே. உடம்பு இதற்குப் பழகுதற்கு நாள் வேண்டும். 3,000 மீற்றருக்கு மேற்பட்டபின், இரவிலே துயிலும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றரின் மேற் கூட்டலாகாதென்றும், மூன்று நான்கு நாளைக்கொருமுறை ஏறாது தங்கல் வேண்டுமென்றும் வைத்தியர் விதிப்பர். இதனைக் கடந்து விரைவோர்க்கு நுரையீரலிலேனும் மூளையிலேனும் நீர் கோத்து உயிர் நீங்குதலும் உண்டு. அந்நோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குதலேயாம்.

1982ஆம் ஆண்டில், மார்கன் ஸ்டான்லி என்னும் அமெரிக்க வங்கியில் உயர்பதவி வகித்த போவன் மக்காய் என்பவர், நண்பர் ஒருவருடன் இக்கணவாயைக் கடக்கப் புறப்பட்டார். அங்கே நிகழ்ந்ததை அவரே கட்டுரையாக எழுதி, 1983ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்னுஞ் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் சாரம் வருமாறு.

அன்று மலையில் நான்கு கூட்டத்தார் ஏறினர். நியூசிலாந்தர் முன்னும், மக்காய் கூட்டத்தார் அடுத்தும், சுவிற்சர்லாந்தர் அவர்க்கருகும், யப்பானியர் பின்னுமாகச் சென்றனர். வெயிலேறினாற் பனியில் வெட்டிய படிகள் உருகிவிடும். அதற்கு முன்னரே கணவாயைக் கடத்தல் வேண்டும். ஏறத்தாழ 15,500 அடி உயரத்தில், நியூசிலாந்தருள் ஒருவர் மேலிருந்து ஒரு மனிதரைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். அம்மனிதர் ஒரு சாது. ஆடை பெரும்பாலுமின்றி, பாதரட்சையுமின்றிப் பனியிலே விறைத்துக் கிடந்தவர். கொணர்ந்தவர் அவரைப் பின்வந்தோரிடம் விட்டுத் தங்கூட்டத்தை நோக்கி மீண்டார். சுவிற்சர்லாந்தரும் மக்காயின் நண்பரும் தம் மூட்டைகளிலிருந்து ஆடை எடுத்து உடுத்தினர். முன்னொருமுறை மலைநோய்க்கு ஆளாகியிருந்த மக்காய், படி உருகுமே என்றஞ்சி மேலே சென்றார். யப்பானியர் உணவும் பானமுங் கொடுத்தனர். தங் குதிரையைக் கொடுக்க இசைந்திலர். நண்பர் சாதுவைக் கீழுள்ள குடிசைக்குச் சுமந்துசெல்லுமாறு கூலியாளரைக் கேட்க, அவர்தந் தலைவன், கணவாயைக் கடத்தற்கு அவர்கள் வலிமை வேண்டுமென்று மறுத்தான். ஈற்றில், வெயில்படும் ஒரு பாறைவரை சுமந்து அங்கே இருத்தி, 500 அடி கீழேயிருந்த குடிசையைக் காட்டி நீங்கினர். அச்சாது பிழைத்தாரோ இறந்தாரோ, ஒருவரும் அறிந்திலர்.

மிஷன் பாடசாலையிற் பயின்றோர் விவிலியத்திலுள்ள சமாரியன் கதையை அறிவர். அதிலே இருவர் வழியிற் கிடந்தவனைக் கண்டும் ஒன்றுஞ் செய்யாது விலகினர். மூன்றாமவன் இரங்கிக் காத்தான். அக்கதையிற் குற்றவாளியைக் கண்டறிதல் சிறுவர்க்கும் எளிது. இம்மலைக் கதையிலோ வெறுங்கையராய் விலகினவர் அரியர். ஒருவர் சுமந்தார், இருவர் மூவர் உடுத்தினர், சிலர் உண்பித்தனர், ஒருவர் வழிகாட்டினார். ஒவ்வொருவர் கூறுங் காரணமும் மெய்யே. ஆயினும் இவையெல்லாங் கூடியபின் எஞ்சியது யாது? நடக்கவியலாத ஒரு மனிதர் ஒரு பாறையின்மேலே தனித்திருந்தமையேயாம்.

கிணற்றில் வீழ்ந்தவனுக்குப் பத்துப்பேர் வந்து ஆளுக்கொரு முழக் கயிறு எறிந்து போனாற் பத்து முழங் கயிறு உள்ளே கிடக்கும், அவனோ கரையேறான். துண்டுகளை முடிந்து, ஒரு நுனியைத் தன் கையிற் பற்றி நிற்பான் ஒருவன் வேண்டும். ஆடையும் உணவும் பங்கிட்டுக் கொடுக்கத்தக்கன. உடனிருத்தல் பங்கிடத்தக்கதன்று. சாதுவுக்கு அன்று வேண்டியிருந்தது குடிசைவரை உடன்வரும் ஒரு துணையே. அதனையொழிந்த எல்லாவற்றையும் அவர் பெற்றார்.

அற்றேல், முன்பின் அறியாத ஒருவர்பொருட்டுத் தன்னுயிரை ஆபத்துக்குள்ளாக்குதலுங் கடமையாமோ எனின், அவ்வாறு யாருஞ் சொல்லார். தன்னை நம்பிவந்தோரைக் காத்தலும் ஒருவர்க்குக் கடமையே. பிறரிடங் கூலி பெறுவோரை வருத்திச் செய்யும் தருமம் தருமமாகாமையும் உண்மையே. ஆயினும் இங்கே ஒன்று நோக்கத்தக்கது. சாதுவைக் காக்கும் வழி கீழ்நோக்கிச் சென்றது. மலைநோயை அஞ்சுவோர்க்கு அதுவே மருந்தாகிய வழியுமாம். ஆகவே திரும்பியிருந்தால் அவர் பெரும்பாலும் இழந்திருப்பது உயிரன்று. அன்று கணவாயைக் கடக்கும் வாய்ப்பேயாம். ஒருவர் உயிரை ஒரு தட்டிலும், வேறொருவர் எண்ணிவந்த பயணத்தை மற்றைத் தட்டிலும் வைத்தால், துலாக்கோல் எப்பக்கஞ் சாயுமென்பதை மாணவனும் அறிவான்.

அங்ஙனமாயின் கற்றறிந்தோர் அதனை அன்று ஏன் அறிந்திலர்? காரணம் இரண்டு. குறைந்த காற்று அறிவை மழுங்கச்செய்யும் என்பது ஒன்று. பல நாள் வருந்தி நடந்தவனுக்கு அவ்வருத்தமே குறிக்கோளைப் பெரிதாக்கிக் காட்டும் என்பது மற்றொன்று. இதனாலன்றோ, மலையேறுவதில் வல்லார் இன்ன மணிக்குமேல் எங்கே நின்றாலும் திரும்புவோம் என்று அடிவாரத்திலேயே வரையறுத்துக்கொள்வர். உச்சியிலே எழும் ஆசையைக் கீழே செய்த துணிபே அடக்கும். திரும்பும் நேரத்துக்கு இது பொருந்துமாயின், பிறர்க்குச் செய்யுங் கடமைக்கும் பொருந்தும்.

2006ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் மலையின் வடபுறத்தில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இதனை வலியுறுத்தும். அம்மாத நடுவில் ஆங்கிலேயர் ஒருவர் வழியோரத்தில் உயிர் நீத்தார். ஏறத்தாழ 40 பேர் அவரைக் கடந்து சென்றனர் என்பர். கண்டிலம் என்றார் சிலர், உதவியாற் பிழைக்கும் நிலை கடந்தார் எனக் கருதினர் வேறு சிலர். ஏறக்குறையப் பத்து நாட்களின் பின், முதனாள் மாலையில் இறந்தார் என்று விடப்பட்ட லிங்கன் ஹால் என்னும் அவுஸ்திரேலியர் விடியற்காலையில் உயிரோடிருக்கக் காணப்பட்டார். கண்ட நால்வர், உச்சி சில மணி நேரத் தொலைவிலிருந்தும், அதனை விடுத்து, மீட்போர் வரும்வரை அவருடனிருந்தனர். அவர் பிழைத்து ஊர் மீண்டார். அந்நால்வருந் தத்தமக்குரியதொரு பங்கைக் கொடுத்துப் போகாது, அங்கேயே நின்றமையே அவரைக் காத்தது.

ஆசிரியர்களாகிய நாம் இதனை மாணவர்க்கு எங்ஙனம் பயிற்றுவது? இரக்கங்கொள் என்று உரைத்தல் போதாது. இரக்கம் அம்மலையிலும் இருந்தது. பயிற்றத்தக்கது ஒரு வழக்கம். ஒருவனுக்கு ஆபத்து நேர்ந்தால், முதலிற் கண்டவன் அவனைத் தன்பொறுப்பாகக் கொள்க. மற்றொருவனிடம் ஒப்புவிப்பதாயின், அவன் நான் ஏற்றேன் என்று சொல்லுமளவும் நீங்காதொழிக. விளையாட்டிடத்தில் ஒரு சிறுவன் வீழ்ந்தால், யாராவது பாருங்கள் என்னாது, ஒருவனைப் பெயர்சொல்லி அழைத்து, நீ இவனோடிரு என்க. இது சிறிதாய்த் தோன்றும். ஆயினும், மூச்சுத்திணறி அறிவு மயங்கும் உயரத்திலே நமது மாணாக்கன் ஒருவன் என்றேனும் நிற்க நேர்ந்தால், அங்கே அவனுக்குப் புதிதாய்ச் சிந்திக்க ஆற்றலிராது. சமநிலத்திலே பழகியதொன்றே அவனுக்குத் துணையாகும். அப்பழக்கத்தை இன்றே நம் வகுப்பறைகளிலே தொடங்குவோமாக.