வாடை போனால்தான் சுத்தமா?

ஊசிப்போன உணவை எல்லாம் எடுத்தெறிந்து, தட்டுகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, உட்சுவரைத் துடைத்துக் காயவைத்த பிறகும் ஃபிரிட்ஜில் ஒரு வாடை தங்கிவிடுவதுண்டு. கண்ணுக்கு அழுக்கு தெரியவில்லை, கைக்குப் பிசுக்கு தட்டவில்லை, மூக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இப்போது அந்தப் பெட்டி சுத்தமானதா? வீட்டுவேலை பற்றிய சின்னக் கேள்வி போலத் தெரிந்தாலும் சமய நூல்கள் இதை நேராகவே எடுத்துப் பேசியிருக்கின்றன; அவை தரும் விடைகளும் ஒன்றல்ல.

மின்சாரம் நின்றால், கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம்தான் குளிர்ச்சியைக் காக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையின் தாழ்வான பகுதிகள் பலவற்றில் மின்தடை நாள்கணக்கில் நீண்டது. அப்படிப்பட்ட நாட்களில் மீன் அழுகி டிரைமெதிலமைன் என்னும் வாயு கிளம்பும். இறைச்சியும் முட்டையும் சிதைந்து கந்தகச் சேர்மங்களை வெளிவிடும். இவை பிளாஸ்டிக் சுவரிலும் கதவோரத்து ரப்பர் பட்டையிலும் ஊறிக்கொண்டு, கழுவிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆகவே வாடை அடிக்கிறதென்றால் கெட்டுப்போனதிலிருந்து வந்த ஏதோ ஒரு பொருள் இன்னும் அங்கே இருக்கிறது, மிகமிகச் சிறிய அளவில்.

இதற்கு மிக நெருங்கி வந்த பழைய தத்துவம் வைசேடிகம். மணம் நிலத்துக்கே உரிய சிறப்புக் குணம் என்பது அதன் கொள்கை. நீருக்கு இயல்பில் மணம் கிடையாது. நீரிலோ காற்றிலோ மணம் தெரிந்தால் நிலத்தின் நுண்துகள் அதில் கலந்திருக்கிறது என்று அது கொள்ளும். பொருள் போய்விட்டது, வாடை மட்டும் நிற்கிறது என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இந்தக் கண்டிப்பை விதியாகவே ஆக்குகிறது. அசுத்தம் பட்ட பொருளிலிருந்து அதன் வாடையும் கறையும் விலகும்வரை மண்ணும் நீரும் இட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த சுலோகமே பிடியைத் தளர்த்துகிறது: அசுத்தம் பட்டதாகக் காணப்படாதது, நீரால் கழுவப்பட்டது, நல்லதென்று வாக்கால் சொல்லப்பட்டது ஆகிய மூன்றும் தூய்மையானவையாம். மூக்குக்கு முன்னுரிமை கொடுத்த நூல் உடனே கண்ணுக்கும் வாய்ச்சொல்லுக்கும் இறங்கி வருகிறது. முடிவில்லாமல் தேய்ப்பவர்களை நினைத்துச் செய்த சமரசம் போலும். (பாத்திரத்துக்கு ஓரளவு பொருந்தும் தூய்மைக் கணக்கை மனிதர்களின் பிறப்பின் மேலும் ஏற்றியது அந்நூலின் பெருங்குற்றம், அது தனி வழக்கு.)

இதைவிடத் தெளிவான விடை இஸ்லாமியச் சட்டத்தின் ஷாஃபி மரபில் கிடைக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் வேரூன்றிய மரபு அது. 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ தரும் சட்டப்படி, நஜீஸ், அதாவது சட்டம் அசுத்தமெனக் கொள்ளும் பொருள், பட்ட இடத்தைக் கழுவிய பிறகு நிறமோ வாடையோ ஒன்று மட்டும் எஞ்சி, அதைப் போக்குவது கடினமானால், இடம் சுத்தமாகிவிட்டதாகவே கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து எஞ்சினால் ஆகாது. சுவை எஞ்சினாலும் ஆகாது. ஊசிப்போன குழம்பு அந்தச் சட்டப்படி நஜீஸ் அல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் இங்கே இரவல் வாங்கத்தக்கது அதன் தர்க்கம். முயற்சி செய்யாமல் சலுகை இல்லை, முயன்ற பிறகும் போகாததற்குக் குற்றம் இல்லை. மூக்கின் சாட்சியத்தை அது தள்ளிவிடவில்லை, அதற்கு ஒரு எல்லை போடுகிறது.

அந்த எல்லை தேவைதான் என்பதை நுண்ணுயிரியலும் காட்டுகிறது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் பெருகும். அது வளர்ந்த உணவு கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்பதில்லை. வாடை இருந்தும் ஆபத்து இல்லாமல் இருக்கலாம், ஆபத்து இருந்தும் வாடை இல்லாமல் இருக்கலாம். மூக்கையே நீதிபதியாக்கினால் இரண்டு பக்கமும் தவறு நேரும்.

முயற்சி என்பதற்கு இங்கே திட்டமான பொருள் உண்டு. மின்இணைப்பை எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவிய பின், ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைப்பது. ரப்பர் பட்டையின் மடிப்புகளையும், பலரும் மறந்துவிடும் பின்பக்க நீர்த்தட்டையும் சுத்தம் செய்வது. கதவை ஓரிரு நாள் திறந்து வைப்பது. பிறகு உள்ளே ஒரு தட்டில் கரித்தூள் வைப்பது. பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் மட்டும் சேர்த்துவிடக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இவ்வளவுக்கும் பிறகு நிற்கும் மெல்லிய வாடையை நவவியின் சலுகைக்குள் விட்டுவிடலாம். ஆனால் சுவருக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரையில் அழுகல்நீர் இறங்கியிருந்தால் எந்தக் கழுவலும் அங்கே எட்டாது. அதைக் கண்டுகொள்ளச் சுவை பற்றிய அதே விதி உதவும். கொழுப்பு வாடையை எளிதில் உறிஞ்சும். புதிய வெண்ணெயைக் கொஞ்சம் திறந்தபடி ஓர் இரவு உள்ளே வைத்து எடுத்து, மறுநாள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தால் போதும். வெண்ணெயில் பழைய மீன் தெரிந்தால் பெட்டி இன்னும் சுத்தமாகவில்லை.