ஓய்வு வரும் முன்னே

பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள், மரணத்தைப் போலச் சொல்லாமல் வருவதன்று. பணியில் சேரும்போது நாம் எழுதிக் கொடுக்கும் பிறந்த தேதியிலேயே அதுவும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. நாள் ஈராண்டு தள்ளிப்போயிற்றே தவிர, அந்நாள் எழுப்பும் கேள்வி மாறவில்லை.

ஓய்வு நெருங்க நெருங்க நாம் எத்தனையோ கணக்குப் பார்க்கிறோம். சேமநல நிதி எவ்வளவு வரும், மகளின் திருமணத்துக்கு எவ்வளவு, வீட்டுக் கடனுக்கு எவ்வளவு, ஹஜ்ஜுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்றெல்லாம் கூட்டிக் கழிக்கிறோம். பொன்னாடையும் பூமாலையும் பெற்று வீடு திரும்பிய மறுநாள் காலையில் என்ன செய்யப் போகிறோம் என்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. “அதுதான் நிறைய நேரம் இருக்குமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிடுகிறோம். நேரம் கிடைத்தால் ஆர்வம் தானே வந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போகிறது.

அலுவலகம் நமக்கு ஊதியத்தை மட்டுமா தந்தது? எழுந்திருக்க ஒரு நேரத்தையும், சென்றமர ஓர் இடத்தையும், ‘ஐயா’ என்றழைக்க நான்கு பேரையும் தந்தது. இவையெல்லாம் ஒரே மாலையில் நின்றுபோகும்போது, இழந்த அதிகாரத்தை நாம் வீட்டில் தேடத் தொடங்குகிறோம். அடுப்பங்கரையில் செலவாகும் எண்ணெயும், பேரன் செருப்பைக் கழற்றிப் போட்ட இடமும், மருமகள் தொலைபேசியில் பேசும் நேரமும் நம் விசாரணைக்கு உரியனவாகிவிடுகின்றன. கடல் கடந்து பொருளீட்டிச் சபர் முடித்துத் திரும்புகிறவரின் நிலை இன்னும் இரக்கத்துக்குரியது. தாம் இல்லாமலே நடக்கப் பழகிவிட்ட ஒரு வீட்டுக்குள் அவர் நுழைகிறார். அங்கே தம் இடம் எதுவென்று அவருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

ஆகவே, ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்பது பொழுதைக் கொல்லும் வழிபற்றிய சிறு செய்தியன்று. அது ஓர் அறக்கேள்வி. யாரும் ஏவாதபோது, யாரும் கூலி தராதபோது, நாம் மனமுவந்து செய்யும் வேலை எது? இதற்கு விடை காணாதவர், தம் உள்ளத்து வெறுமையைப் பிறர்மேல் சுமத்தாமல் இருப்பது அரிது.

விடை கண்டவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். நாகூரில் 1921இல் பிறந்த மு. மு. இஸ்மாயில் அவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார்; 1981இல் பதவி துறந்தார். 2005இல் மறையும்வரை அவரைத் தமிழுலகம் கம்பராமாயண அறிஞராகவே போற்றியது. பதவி போன பிறகு அவர் கம்பனைத் தேடிச் செல்லவில்லை. வழக்குக் கட்டுகளுக்கு நடுவே இருந்த காலத்திலேயே கம்பனைக் கற்றார்; எழுதினார்; பேசினார். அதனால் நீதிபதியின் அங்கி நீங்கியபோது மனிதர் வெறுமையாகிவிடவில்லை.

ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குப் பறவையியலறிஞர் சலீம் அலியின் வாழ்வு சான்று. ஜெர்மனியில் பயின்று 1930இல் திரும்பிய அவருக்குப் பம்பாயில் முன்பிருந்த வேலை இல்லை. நிதியில்லையென்று அப்பதவியையே நீக்கிவிட்டார்கள். வேறு வேலையும் கிடைக்காமல், மனைவியுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். அங்கே அருகிருந்த தூக்கணாங்குருவிகளைப் பொறுமையாகக் கவனிக்கலானார். ஆண் குருவி ஒரு கூட்டைக் கட்டி, அதைப் பெண் குருவி ஏற்றபின் அடுத்த கூட்டைக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். வேலையற்ற அந்த நாள்கள் வீணாகவில்லை. ஏனெனில் பார்க்கும் கண்ணைச் சிறுவயது முதலே பழக்கியிருந்தார். டில்லன் ரிப்ளியுடன் அவர் எழுதிய பறவைக் கையேட்டின் 10 தொகுதிகள் 1968க்கும் 1974க்கும் இடையே வெளிவந்தன. அப்போது அவர் எழுபதைக் கடந்து எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

“இவர்கள் பெரியவர்கள்; கடையில் நாளெல்லாம் நின்று கால்கடுக்கத் திரும்பும் நமக்கு இது ஆகுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் நாம் சொல்வது பெரும்புகழையன்று. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைத்தான். நம் வீட்டுப் பழைய பெட்டியில் பாட்டியார் ஓதிய அரபுத்தமிழ் நூல் ஒன்று கிடக்கக்கூடும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அம்முறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். தெரிந்த முதியவர் ஒருவரிடம் ஞாயிறுதோறும் ஒரு பக்கம் படித்துப் பழகினால், ஓய்வு வரும்போது நம் கையில் ஒரு வேலை இருக்கும். வாப்பா வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்களை ஆண்டுவாரியாக அடுக்குவதும், கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு வளர்ப்பதும் அத்தகையனவே. ஊக்கம் வந்தபின் உட்காரலாம் என்று காத்திருப்பவரிடம் அது வருவதில்லை; உட்கார்ந்து பழகியவரிடமே வருகிறது.

இறுதியாக ஒன்று. நாம் ஓய்வைப் பற்றி இத்தனை பேசுகிறோம். நம் இல்லத்தரசிக்கு ஓய்வு நாள் எது? அறுபது வயதாயிற்றென்று அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டுப் பொன்னாடை போர்த்துவார் எவருமில்லை. நாம் வீட்டிலிருக்கத் தொடங்கியதால் அவருக்கு இரண்டு வேளைத் தேநீர் கூடியது மட்டுமே பயனென்றால், நம் ஓய்வு அவர் உழைப்பின்மேல் போட்ட நாற்காலியாகும். அவருக்கும் இளமையில் ஒரு விருப்பம் இருந்திருக்கும். பூவேலை செய்திருப்பார், பாடியிருப்பார், கதைப் புத்தகங்களை ஒளித்து வைத்துப் படித்திருப்பார். நம் வீட்டுக்கு வந்தபின் அது எங்கே போயிற்று?

ஓய்வு நாளுக்கு இன்னும் ஐந்தாண்டு இருந்தாலும் சரி, ஐந்து மாதமே இருந்தாலும் சரி. நமக்கு என்ன பிடிக்கும் என்று தேடத் தொடங்குவதற்கு முன், அவருக்கு என்ன பிடிக்கும் என்று இன்றிரவு கேட்போம். அதைச் செய்ய அவருக்கு வேண்டிய ஒரு மணி நேரம் அடுப்பங்கரைப் பொறுப்பை நாம் ஏற்பதே நம் ஓய்வுக்காலத்தின் முதல் பயிற்சியாக இருக்கட்டும்.